தாய்ப்பலகைத் தேர்வும் நம்பகத்தின் இலக்கணமும்

மேசைக் கணினியை உறுப்பு உறுப்பாக வாங்கி இணைத்துக்கொள்ள விழைவோர், செயலிக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் செலவிடும் கவனத்தில் ஒரு சிறு பங்கைக்கூட, கடைகளில் மதர்போர்டு என வழங்கும் தாய்ப்பலகைக்குச் செலவிடுவதில்லை. செயலியின் வேகத்தை எண்ணால் சொல்லிவிடலாம். கிராஃபிக்ஸ் கார்டின் ஆற்றலைத் திரையில் காட்டிவிடலாம். தாய்ப்பலகையோ தன் வேலையைச் சரிவரச் செய்யும் வரை இருப்பதே தெரியாமல் இருந்துவிடுகிறது. ஒரே செயலியை விலை குறைந்த பலகையிலும் விலை மிகுந்த பலகையிலும் பொருத்தி இயக்கினால், இரண்டும் தத்தம் வரம்புக்குள் இயங்கும் வரை, அன்றாடப் பணியின் வேகத்தில் உணரத்தக்க வேறுபாடு பெரும்பாலும் தோன்றுவதில்லை. வேறுபாடு வெளிப்படுவது காலப்போக்கில்தான். மூன்றாம் ஆண்டிலோ ஐந்தாம் ஆண்டிலோ ஒன்று மாறாமல் இயங்கிக்கொண்டிருக்க, மற்றொன்று காரணம் புலப்படாமல் இடையிடையே அணையத் தொடங்குகிறது. எனவே இவ்வுரை வேகத்தை ஒதுக்கி வைத்து, நம்பகம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு தாய்ப்பலகையைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஆராய்கிறது.

நம்பகம் என்பது யாது

ஒரு பொருள், குறிப்பிட்ட சூழலில், குறிப்பிட்ட காலம் வரை, தனக்கு உரிய பணியைப் பிழையின்றிச் செய்வதற்குரிய வாய்ப்பே அதன் நம்பகம் எனப் பொறியியல் வரையறுக்கிறது. இவ்வரையறையில் பணி, சூழல், காலம் என மூன்று கூறுகள் உள்ளமையால், இம்மூன்றையும் சொல்லாமல் ஒரு பலகையை நம்பகமானது என்றோ அல்லாதது என்றோ கூறுவது பொருளற்றதாகிவிடும். குளிரூட்டிய அறையில் கடிதம் தட்டச்சு செய்யும் கணினிக்குப் பத்தாண்டு உழைக்கும் பலகை, கோடையில் புழுங்கும் அறையில் நாள் முழுவதும் காணொளித் தொகுப்புச் செய்யும் கணினிக்கு ஈராண்டுகூட ஈடுகொடுக்காமல் போகலாம். மின்னணுப் பொருள்களின் பழுதுகள் காலத்தில் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை என்பதும் அறியத்தக்கது. உற்பத்திக் குறையால் நேரும் பழுதுகள் முதல் சில வாரங்களில் மிகுந்து தோன்றி, பின் நெடுங்காலம் குறைந்தே இருந்து, உறுப்புகள் தேயும் பருவத்தில் மீண்டும் மிகுகின்றன. முதற்பருவப் பழுதிலிருந்து காப்பவை விற்பனையாளரின் மாற்றித்தரும் ஒப்பந்தமும் வாங்கியவரின் தொடக்கச் சோதனையும் ஆகும். கடைப்பருவப் பழுதைத் தள்ளிப்போடுவது வடிவமைப்பின் தரமும் இயக்கும் சூழலும் ஆகும்.

நான்கு தோல்விகள் தரும் பாடம்

தாய்ப்பலகைகள் எவ்விடத்தில் முறிகின்றன என்பதை அறியாமல் முறியாத பலகையைத் தேட இயலாது. கடந்த கால் நூற்றாண்டில் உலகறிய நிகழ்ந்த நான்கு தோல்விகள் இதற்குப் போதிய சான்று தருகின்றன.

முதலாவது, ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை நீடித்த மின்தேக்கிச் சீர்கேடு. கெப்பாசிட்டர் எனப்படும் மின்தேக்கி, மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கங்களைச் சமன்படுத்தும் சிறு உறுப்பு. அக்காலத்துப் பலகைகளில் மிகுதியாக இடம்பெற்ற மின்பகுளி வகையில், அலுமினியத் தகடுகளுக்கு இடையே மின்கடத்தும் நீர்மம் ஒன்று நிரப்பப்பட்டிருக்கும். நீர்ச்சத்து மிகுந்த நீர்மம் அலுமினியத்தை அரிக்காமலிருக்க அதில் தடுப்புப் பொருள்கள் சேர்க்கப்பட வேண்டும். தைவான் உற்பத்தியாளர் சிலரின் மின்தேக்கிகளில் அவை முறையாக இல்லாமையால், உள்ளே ஹைட்ரஜன் வாயு உருவாகி, மேற்புறம் உப்பி, நீர்மம் கசிந்து, நன்றாக இயங்கிக்கொண்டிருந்த பலகைகள் ஓரிரு ஆண்டுகளில் செயலிழந்தன. ஆப்டிபிளெக்ஸ் வரிசைக் கணினிகளில் இத்தகைய மின்தேக்கிகள் இடம்பெற்றதால், டெல் நிறுவனம் 2005-இல் பழுது நீக்கத்துக்கென 30 கோடி டாலரைக் கணக்கில் ஒதுக்க நேர்ந்தது.

இரண்டாவது, 2011 ஜனவரி 31 அன்று இன்டெல் நிறுவனமே அறிவித்த சிப்செட் குறை. செயலிக்கும் சேமிப்பகம், யூ.எஸ்.பி. முதலிய புறவழிகளுக்கும் இடையே நின்று தரவைப் பகிர்ந்தளிக்கும் சில்லுத் தொகுதியே சிப்செட். அவ்வாண்டு வெளிவந்த ஆறாம் வரிசைச் சிப்செட்டில், ஒரு டிரான்சிஸ்டர் தன் மெல்லிய காப்புப் படலம் தாங்கக்கூடியதைவிட மிகுந்த மின்னழுத்தத்தில் இயங்குமாறு அமைந்துவிட்டதால், சேமிப்பகங்களுக்குரிய ஆறு சாட்டா இணைப்புகளில் மூன்று கிகாபிட் வேகமுடைய நான்கும் காலப்போக்கில் நலிவடையும் நிலை உண்டாயிற்று. ஆறு கிகாபிட் வேகமுடைய எஞ்சிய இரண்டுக்கும் எக்குறையும் நேரவில்லை. பழுது நீக்கவும் மாற்றித் தரவும் 70 கோடி டாலர் ஆகுமென இன்டெல் மதிப்பிட்டது.

மூன்றாவது, 2023 ஏப்ரலில் ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 பலகைகளில் வெளிப்பட்டது. ரைசன் 7 7800 எக்ஸ்3டி முதலான செயலிகள் சில, பலகையில் தாம் பொருந்தும் சாக்கெட்டோடு சேர்ந்து கருகின. ராம் என்னும் நினைவகத்தின் வேகத்தைக் கூட்டும் அமைப்பை இயக்கியபோது, நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குச் செல்லும் மின்னழுத்தத்தைச் சில பலகைகள் அளவுக்கு மீறி உயர்த்தியிருந்தமையால், அதை 1.3 வோல்ட்டுக்கு மேல் செல்லவொட்டாமல் தடுக்கும், பலகையின் நிலைமென்பொருளாகிய பயாஸுக்கான புதுப்பிப்பை ஏ.எம்.டி. வெளியிட்டது. நான்காவது, இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறைச் செயலிகளில் நேர்ந்து 2024-இல் விளக்கம் பெற்ற நிலையின்மை. உயர்ந்த மின்னழுத்தத்தாலும் வெப்பத்தாலும் செயலியின் உட்கடிகாரச் சுற்று முதிர்ந்து நலிந்ததே அதன் மூலம் என்றும், அந்நலிவை விளைவித்த சூழல்களுள் ஒன்று, தாய்ப்பலகைகள் இன்டெலின் மின்வழங்கு பரிந்துரையை மீறி அமைக்கப்பட்டிருந்தமை என்றும் அந்நிறுவனம் கூறியது. பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய செயலிகளின் உத்தரவாதம் மேலும் ஈராண்டு நீட்டிக்கப்பட்டது.

இந்நான்கையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால் இரு உண்மைகள் துலங்கும். முதலாவது, மின்தேக்கிச் சீர்கேடு நீங்கலாக, மற்ற மூன்றும் ஏதேனும் ஓர் உறுப்பைத் தாங்குதிறனின் விளிம்பிலோ அதற்கு அப்பாலோ இயக்கியதால் விளைந்தவை. இரண்டாவது, பின்னிரண்டும் விற்பனைக்குப் பின் உற்பத்தியாளர் தந்த பயாஸ் புதுப்பிப்பால் தடுக்கப்பட்டவை. ஆகவே தாங்குதிறனுக்கும் இயக்க நிலைக்கும் இடையே விடப்படும் காப்பு இடைவெளியும், விற்ற பின்னும் தொடரும் பேணுதலுமே நம்பகத்தின் இரு தூண்கள் ஆகின்றன. பெட்டியின்மேல் அச்சிடப்படும் வேக எண்களும் வண்ண விளக்குகளும் இவ்விரண்டில் ஒன்றையும் தெரிவிப்பதில்லை. இனி ஒவ்வோர் உறுப்பிலும் இவ்விரு தூண்களையும் எவ்வாறு கண்டறிவது என்பது விளக்கப்படும்.

மின்வழங்கு சுற்று

எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கியிலிருந்து தாய்ப்பலகைக்கு 12 வோல்ட் மின்சாரம் வருகிறது. செயலிக்கு வேண்டியதோ ஒரு வோல்ட்டை அடுத்த மிகக் குறைந்த அழுத்தம். இவ்விறக்கத்தைச் செய்யும் பகுதியே, வி.ஆர்.எம். எனச் சுருக்கி வழங்கும் மின்னழுத்தச் சீராக்கச் சுற்று. அழுத்தம் குறையும்போது மின்னோட்டம் பன்மடங்காகிறது. எடுத்துக்காட்டாக, கோர் ஐ9-13900கே செயலியின் உச்ச மின்நுகர்வு 253 வாட் என இன்டெல் குறிப்பிடுகிறது. இதை 1.25 வோல்ட்டில் வழங்க ஏறத்தாழ 200 ஆம்பியர் மின்னோட்டம் சில சதுர சென்டிமீட்டர் பரப்புக்குள் பாய வேண்டும். மாற்றத்தின் திறன் 90 விழுக்காடு எனக் கொண்டாலும், 28 வாட் அளவு ஆற்றல் அச்சுற்றிலேயே வெப்பமாக வெளிப்படும்.

இச்சுமை ஒரே வழியில் செல்லாமல் ஃபேஸ் எனப்படும் பல கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் என்னும் நிலைமாற்றியும், ஓட்டத்தைச் சீராக்கும் மின்தூண்டியும் இருக்கும். ஓர் உரலில் மூவர் முறைவைத்து உலக்கை போடும்போது உரலில் இடி ஓயாதிருக்க, ஒவ்வொருவர் கைக்கும் ஓய்வு கிடைப்பதுபோல, இக்கட்டங்கள் ஒன்று மாற்றி ஒன்று இயங்குகின்றன. 200 ஆம்பியரை ஐந்து கட்டங்கள் சுமந்தால் ஒவ்வொன்றின் பங்கு 40 ஆம்பியர். பத்துக் கட்டங்கள் சுமந்தால் 20 ஆம்பியர். மின்தடையால் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது ஆகையால், அதே வகை உறுப்புகளைக் கொண்டால் ஒரு கட்டத்தின் கடத்தல் இழப்பு நான்கில் ஒன்றாகவும் மொத்த இழப்பு பாதியாகவும் குறையும். காப்பு இடைவெளி என மேலே கூறப்பட்டது இங்கே எண்ணளவில் புலனாகிறது.

ஆயினும் விளம்பரத்திலுள்ள கட்ட எண்ணிக்கையை அப்படியே ஏற்பது தகாது. '14+2+1' என்பன போன்ற குறியீடுகளில் முதல் எண்ணே செயலியின் கருக்களுக்கு உரியது. எஞ்சியவை உட்செயலிக் கிராஃபிக்ஸ், நினைவகக் கட்டுப்பாடு முதலிய பகுதிகளுக்கு உரியவை. மேலும், கட்டுப்பாட்டுச் சில்லு ஆறு கட்டங்களை மட்டுமே ஆள, ஒவ்வொன்றிலும் உறுப்புகளை இரட்டித்துப் பன்னிரண்டு எனச் சொல்வதும் வழக்கில் உண்டு. அது சுமையைப் பங்கிட உதவுமாயினும் தனித்தனிப் பன்னிரண்டு கட்டங்களுக்கு நிகராவதில்லை. ஆகவே எண்ணிக்கையோடு, ஒவ்வொரு கட்டமும் எத்தனை ஆம்பியருக்கு மதிப்பிடப்பட்டது என்பதையும், முழுச் சுமையில் அரை மணி நேரம் இயக்கி அளந்த வெப்பநிலையைத் தனிச்சோதனையாளர்கள் வெளியிட்டிருந்தால் அதையும் சேர்த்து நோக்க வேண்டும். இக்கணக்குக்குச் செயலியின் பெயரளவு வாட்டையன்றி அதன் மெய்யான உச்ச வரம்பையே கொள்ள வேண்டும் என்பதும் கருதத்தக்கது; ஏனெனில் ஏ.எம்.5 செயலிகளில் 65 வாட் எனக் குறிக்கப்பட்டது 88 வாட் வரையும், 105 வாட் எனக் குறிக்கப்பட்டது 142 வாட் வரையும், 170 வாட் எனக் குறிக்கப்பட்டது 230 வாட் வரையும் சாக்கெட்டிலிருந்து பெற இடமுண்டு.

மாஸ்ஃபெட்டுகளின்மேல் பொருத்தப்படும் ஹீட் சிங்க் வெப்பத்தைக் காற்றுக்குக் கடத்துவது. அது கனமான உலோகமாகவும், மடிப்புகளால் பரப்பு மிகுந்ததாகவும் இருப்பின் பயனுண்டு. மேலே அழகுக்காக வைக்கப்படும் பிளாஸ்டிக் மூடி வெப்பத்தைத் தடுத்து நிறுத்துவதன்றி வேறு செய்வதில்லை. செயலியோடு வரும் சாதாரண விசிறி கீழ்நோக்கி வீசும் காற்று இப்பகுதியையும் தழுவிச் செல்கிறது. நீர்வழிக் குளிர்விப்பான் பொருத்தும்போது அக்காற்று நின்றுபோவதால், கேபினெட்டின் விசிறிகளைக் கொண்டு அக்குறையை ஈடுசெய்ய வேண்டும்.

வெப்பமும் மின்தேக்கியின் ஆயுளும்

மின்பகுளி மின்தேக்கியின் ஆயுள், வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறையுந்தோறும் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொறியாளர் பலரும் கையாளும் நடைமுறை விதி. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என மதிப்பிடப்பட்ட ஒன்று, இவ்விதியின்படி 75 டிகிரியில் 16,000 மணி நேரமும் 65 டிகிரியில் 32,000 மணி நேரமும் உழைக்கும். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் எனக் கணக்கிட்டால், முன்னது ஐந்தரை ஆண்டுக்குச் சற்றுக் குறைவாகவும் பின்னது பதினோராண்டு அளவாகவும் அமைகிறது. அறையின் வெப்பம் உயர்ந்தால் கேபினெட்டின் உள்வெப்பமும் அதே அளவு உயரும் ஆதலால், சித்திரை, வைகாசி மாதங்களில் குளிரூட்டப்படாத அறையில் கணினியை இயக்கும் தமிழகத்துப் பயனருக்கு இக்கணக்கு ஏட்டளவில் நிற்பதன்று. குளிர்நாட்டுச் சோதனைக்கூடத்தில் 21 அல்லது 22 டிகிரியில் அளந்த முடிவைப் படிக்கும்போது, அதன்மேல் 12 அல்லது 15 டிகிரியைக் கூட்டிக்கொண்டே அவர் தம் முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது.

இன்றைய பலகைகளில் செயலியைச் சூழ்ந்துள்ள மின்தேக்கிகள் பெரும்பாலும் திடப் பாலிமர் வகையின. அவற்றில் கசிவதற்கோ வற்றுவதற்கோ நீர்மம் இல்லை. வெப்பம் 20 டிகிரி குறைந்தால் ஆயுள் பத்து மடங்காகும் என்பது அவற்றுக்குரிய நடைமுறை விதி. அதனால் 105 டிகிரியில் 5,000 மணி நேரம் என்னும் மதிப்பீடு 85 டிகிரியில் 50,000 மணி நேரமாக நீள்கிறது. ஆயினும் பல பலகைகளின் ஒலிப்பகுதியிலும், மிகுதியாக எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உள்ளும் மின்பகுளி வகையே இன்றும் இடம்பெறுகிறது. நல்ல பலகையை வாங்கித் தரங்குறைந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு இணைப்பது, காப்பு இடைவெளியை ஒரு கையால் விலைகொடுத்து வாங்கி மறுகையால் இழப்பதற்கு ஒப்பாகும். நிலத்தொடர்பு முறையாக அமைந்த மூன்று துளை மின்செருகியும், மின்தடை மிகுந்த ஊர்களில் யூ.பி.எஸ்.ஸும், இடிமின்னல் பொழுதில் இணையக் கம்பியைக் கழற்றிவைக்கும் வழக்கமும் பலகையின் ஆயுளைக் காப்பவை. கடலோர ஊர்களில் உப்பீரக் காற்றும் தூசியும் சேர்ந்து படிந்தால் நுண்ணிய மின்கசிவும் உலோக அரிப்பும் நேரக்கூடும் ஆகையால், அங்கே காலமுறைத் தூய்மை இன்றியமையாதது.

பாதைகளும் நினைவகமும்

பலகையின் மீதுள்ள துளைகள் அனைத்தும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இயங்கும் என எண்ணுவது பொதுவான மயக்கம். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்பது செயலிக்கும் மற்ற உறுப்புகளுக்கும் இடையேயுள்ள தரவுப் பாதை. அதன் ஒரு தடம் மூன்றாம் தலைமுறையில் நொடிக்கு ஏறத்தாழ ஒரு கிகாபைட்டும், நான்காம் தலைமுறையில் இரண்டும், ஐந்தாம் தலைமுறையில் நான்கும் கடத்தும். கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பதினாறு தடங்களும், எம்.2 வகைச் சேமிப்பகத்துக்கு நான்கும் செயலியிலிருந்து நேரே செல்ல, எஞ்சிய பல இணைப்புகள் சிப்செட்டின் வழியே ஒரு குறுகிய பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஏ.எம்.டி.யின் பி650 சிப்செட்டில் அப்பாதை நான்காம் தலைமுறைத் தடங்கள் நான்கே ஆதலால், அதன்வழிச் செல்லும் அனைத்துக்குமாக நொடிக்கு ஏறத்தாழ எட்டு கிகாபைட் வரம்பு உண்டு. சில பலகைகளில் இரண்டாம் எம்.2 துளையை நிரப்பினால் சாட்டா இணைப்புகளில் ஒன்றோ இரண்டோ செயலிழந்துவிடும். இதைப் பழுதெனக் கொண்டு கடைக்கு மீண்டும் மீண்டும் நடப்போர் உண்டு. கையேட்டின் விவரப்பட்டியலிலோ அடிக்குறிப்பிலோ அது முன்பே சொல்லப்பட்டிருக்கும்.

ராமைப் பொறுத்தவரை, நிலையின்மைக்கு வழிவகுப்பது பெரும்பாலும் அதன் மிகைவேக அமைப்பே. எக்ஸ்.எம்.பி., எக்ஸ்போ என்னும் பெயர்களில் பயாஸில் உள்ள அவ்வமைப்புகள், பொதுத்தர வேகத்துக்கு மேல் ராமை இயக்குபவை. அவற்றை இயக்குவது செயலியின் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதியையும் அதன் உறுதியளிக்கப்பட்ட வரம்புக்கு அப்பால் கொண்டு செல்லக்கூடும். ரைசன் 7000 வரிசைக்கு ஏ.எம்.டி. உறுதியளிக்கும் வேகம் இரண்டு டி.டி.ஆர்.5 ராம்களுக்கு 5200 ஆகவும், நான்கு ராம்களுக்கு 3600 ஆகவும் இருப்பதை நோக்கினால், 32 கிகாபைட் வேண்டுவோர் நான்கு எட்டுகளை வாங்காமல் இரண்டு பதினாறுகளை வாங்குவதே முறை என்பது விளங்கும். நான்கு துளைகள் உள்ள பலகையில் இரண்டை மட்டும் பொருத்தும்போது, செயலியிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதுமான துளைகளையே பெரும்பாலான கையேடுகள் பரிந்துரைக்கின்றன. உற்பத்தியாளர் சோதித்து வெளியிடும் ஒத்திசைவுப் பட்டியலில் இடம்பெற்ற ராமை வாங்குவது, பிற்காலத்துத் தேடலையும் திகைப்பையும் பெரிதும் குறைக்கும்.

பயாஸும் சாக்கெட்டின் ஆயுளும்

பலகை விழித்தெழும் கணத்தில் முதலில் இயங்கி, உறுப்புகளைச் சோதித்து, மின்னழுத்தங்களை வகுத்து, இயங்குதளத்திடம் பொறுப்பை ஒப்படைக்கும் நிலைமென்பொருளே பயாஸ். 2023, 2024-ஆம் ஆண்டுகளின் நிகழ்வுகள் காட்டியபடி, செயலியின் ஆயுளை நிர்ணயிக்கும் எண்களை இம்மென்பொருளே தாங்கி நிற்கிறது. ஆதலால் ஒரு பலகையை வாங்குமுன், அதன் உற்பத்தியாளர் முந்தைய தலைமுறைப் பலகைகளுக்கு எத்தனை ஆண்டுகள் வரை புதுப்பிப்பு வழங்கினார் என்பதை அவருடைய ஆதரவுப் பக்கத்திலுள்ள தேதிகளைக் கொண்டே கண்டறியலாம். இது விளம்பரமன்று, பதிவு. நம்பகத்தின் இரண்டாம் தூணுக்கு இதனினும் நேரான சான்று வேறில்லை.

பயாஸைத் தாங்கும் சில்லின் கொள்ளளவும் கருதத்தக்கது. 2020-இல் ஏ.எம்.டி. தன் புதிய செயலிகளை ஏ.எம்.4 சாக்கெட்டின் பழைய 400 வரிசைப் பலகைகள் ஏற்கமாட்டா என முதலில் அறிவித்தபோது சொல்லப்பட்ட காரணம், அச்சில்லுகளின் கொள்ளளவு எல்லாச் செயலிகளின் விவரங்களையும் தாங்கப் போதாது என்பதே. பயனர்களின் எதிர்ப்புக்குப் பின் அதே ஆண்டு மே மாதத்தில் அம்முடிவு திருத்தப்பட்டது. 2017-இல் ரைசனோடு பரவிய அச்சாக்கெட்டுக்கு 2024-இலும் புதிய செயலிகள் வந்தன. இன்டெலோ, 2020-இல் எல்.ஜி.ஏ. 1200, 2021-இல் எல்.ஜி.ஏ. 1700, 2024-இல் எல்.ஜி.ஏ. 1851 என அடுத்தடுத்துச் சாக்கெட்டை மாற்றியது. நெடுநாள் பயன்பாட்டைக் கருதுவோருக்கு, ஐந்தாம் ஆண்டில் செயலியை மட்டும் மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு கணக்கில் கொள்ளத்தக்கதே. எனினும் அவ்வாறு மாற்றும் எண்ணமில்லாதவர் அதற்கென மிகைவிலை கொடுக்கத் தேவையில்லை.

செயலியோ ராமோ இல்லாமலே, பென் டிரைவைச் செருகி ஒரு பொத்தானை அழுத்திப் பயாஸைப் புதுப்பிக்கும் வசதி, பழைய பயாஸோடு கிடங்கில் கிடந்த பலகையில் புதிய செயலியைப் பொருத்த நேரும்போதும், புதுப்பிப்பு இடையில் தடைப்பட்டுப் பலகை முடங்கும்போதும் பெரும் துணையாகிறது. செயலி, ராம், கிராஃபிக்ஸ், இயங்குதளத் தொடக்கம் ஆகிய நான்கில் எவ்விடத்தில் தடை எனச் சுட்டும் சிறு விளக்குகளும் அவ்வாறே. பழுதின் இடம் தெரிந்துவிட்டால் பழுதற்ற உறுப்புகளை மாற்றிப் பணத்தை வீணாக்கும் நிலை நேராது. விலையில் சிறிதே கூட்டும் இவ்விரு வசதிகளும், வண்ண விளக்குகளைவிட முன்னுரிமை பெறத்தக்கவை.

சந்தையும் உத்தரவாதமும்

ஆசுஸ், எம்.எஸ்.ஐ., கிகாபைட், ஆஸ்ராக் என்னும் தைவான் நிறுவனங்கள் நான்கும் சந்தையில் முன்னிற்பவை. இவற்றுள் எது நம்பகமானது என்னும் வினா பலராலும் எழுப்பப்படினும், வினாவே பிழைபட அமைந்தது. ஒவ்வொரு நிறுவனமும் உறுதியான பலகைகளையும், விலை கருதி எல்லாவற்றையும் குறைத்த பலகைகளையும் ஒரே காலத்தில் விற்கிறது. ஆதலால் மதிப்பிட வேண்டியது குறிப்பிட்ட மாதிரியை. அம்மாதிரியிலும் குறிப்பிட்ட திருத்தப் பதிப்பை. ஒரே பெயரில் வந்த இரு பதிப்புகளில் மின்வழங்கு சுற்றே மாறியிருக்கக்கூடும் என்பதால், பலகையின் ஓரத்தில் அச்சிடப்பட்டுள்ள பதிப்பெண்ணைத் தாம் படித்த சோதனையறிக்கையின் பதிப்பெண்ணோடு ஒப்பிடுதல் நலம்.

விலை மிகக் குறைந்த, பெயர் அறியப்படாத பலகைகளில், காலாவதியான சாக்கெட்டுகளுக்கென, பழைய பலகைகளிலிருந்து பெயர்த்தெடுத்த சிப்செட்டுகளைக் கொண்டு புதிதாகச் செய்யப்பட்டவையும் உண்டு. அவை இயங்கவே இயங்கா என்பதில்லை. ஆயினும் பயாஸ் புதுப்பிப்பு, கையேடு, ஒத்திசைவுப் பட்டியல் ஆகிய எதுவும் அவற்றுக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. பேணுதல் என்னும் தூண் அடியோடு இல்லாத பொருளை நெடுநாள் பணிக்கு நம்புவது தகாது.

உத்தரவாதம் பெரும்பாலும் மூன்றாண்டு எனக் குறிக்கப்பட்டாலும், அதன் நீளத்தைவிட அதன் வழியே முக்கியம். உள்நாட்டு அதிகாரப்பூர்வ இறக்குமதியாளர் வழியாக வந்த பலகைதானா, பழுதுற்றால் ஏற்றுக்கொள்ளும் மையம் எந்நகரில் உள்ளது, பழுது நீக்கித் தருவரா மாற்றித் தருவரா என்பவற்றை விலை பேசுமுன் கேட்டறிய வேண்டும். செயலியின் அடியில் தொடும் ஊசிகள் பலகையின் சாக்கெட்டில் அமைந்திருக்கும் எல்.ஜி.ஏ. வகையில், அவ்வூசிகள் வளைந்திருந்தால் உத்தரவாதம் மறுக்கப்படுவது வழக்கம். ஆகையால் கடையிலேயே பெட்டியைத் திறந்து சாக்கெட்டைப் படமெடுத்து வைப்பதும், அதன் பிளாஸ்டிக் மூடியை எறியாமல் காப்பதும் அறிவுடைமை.

ஓர் எடுத்துக்காட்டு

மேற்கூறியவை ஒன்றுகூடி எவ்வாறு முடிவைத் தருகின்றன என்பதற்கு, ரைசன் 5 7600 செயலியோடு, அலுவல் கணக்கும் அளவான ஒளிப்படத் திருத்தமும் செய்யப்போகும் ஒருவரின் தேர்வைக் கருதலாம். செயலியின் உச்ச வரம்பு 88 வாட், 1.2 வோல்ட்டில் கொண்டால் ஏறத்தாழ 73 ஆம்பியர். செயலிக் கருக்களுக்கென ஆறு கட்டங்களும் ஒவ்வொன்றும் 50 ஆம்பியர் மதிப்பீடும் கொண்ட பலகை இச்சுமையின் நான்கு மடங்குக்கும் மேல் பெயரளவுத் திறன் உடையதாதலால், வெப்பமிக்க அறையிலும் விளிம்பை நெருங்காது. இரண்டு எம்.2 துளைகள், இரண்டோ நான்கோ ராம் துளைகள், ஒரு கிராஃபிக்ஸ் துளை என்பன அவருக்குப் போதுமாகையால், 305 மில்லிமீட்டர் உயரமுள்ள ஏ.டி.எக்ஸ். பலகைக்கு மாறாக, 244 மில்லிமீட்டர் சதுரமான மைக்ரோ ஏ.டி.எக்ஸ். பலகை பொருந்தும். ஆகவே பி650 வரிசையில் நடுத்தர விலைப் பலகை ஒன்று இவருக்கு நிறைவானது. அதன் இருமடங்கு விலையுள்ள உயர்வரிசைப் பலகை, இச்செயலியைக் கொண்டு செய்யும் பணியில் ஆயுளை உணரத்தக்க அளவு கூட்டித் தராது. பின்னாளில் 170 வாட் வகைச் செயலிக்கு மாறும் எண்ணம் இருப்பின் மட்டும், 230 வாட் வரம்பைக் கொண்டு கணக்கை மீண்டும் போட வேண்டும்.

பலகை வந்த பின் செய்ய வேண்டியவையும் தேர்வின் பகுதியே. அண்மைய நிலையான பயாஸை நிறுவி, மின்வரம்புகளைச் செயலி உற்பத்தியாளரின் இயல்பு அமைப்பில் வைத்து, ராமைச் சோதிக்கும் மென்பொருளை ஓர் இரவு முழுவதும் ஓட்டி, செயலியை முழுச் சுமையில் சில மணி நேரம் இயக்கி, எல்லா இணைப்புகளையும் ஒருமுறையேனும் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். கடைக்காரர் மாற்றித்தரும் நாள்களுக்குள் இது முடிந்தால், முதற்பருவப் பழுதுகளில் பல வெளிப்பட்டு, செலவின்றித் தீரும்.

முடிபு

தாய்ப்பலகைத் தேர்வு பணியிலிருந்து செயலிக்கும், செயலியின் உச்ச வரம்பிலிருந்து மின்வழங்கு சுற்றுக்கும், தேவையான இணைப்புகளிலிருந்து சிப்செட்டுக்கும், இறுதியாக உற்பத்தியாளரின் பேணுதல் பதிவுக்கும் செல்லும் வரிசையில் நிகழ வேண்டும். கடை அலமாரியிலோ பலரும் இதற்கு நேர்மாறாக, பெயரிலும் தோற்றத்திலும் தொடங்கி விலையில் முடிக்கின்றனர். விலை மிகுந்த பலகை மிகுந்த நம்பகமுடையது என்பது ஓரளவே உண்மை. தேவைக்கும் திறனுக்கும் இடையே போதிய இடைவெளி அமைந்த பின் கொடுக்கப்படும் விலை, வசதிகளை வாங்குமேயன்றி ஆயுளை வாங்காது. வாங்குமுன் கையேட்டைப் பதிவிறக்கி ஒரு மணி நேரம் படித்தவர், அதே பணத்துக்குத் தம் பணிக்கு ஏற்ற பலகையைப் பெறுகிறார்; அந்த ஒரு மணி நேரமே இத்தேர்வில் மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் உத்தரவாதம் ஆகும்.